ஐந்தாம் வளைவில் ஒரு கேள்வி

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் ஆகாய கங்கைக்கோ அறப்பளீஸ்வரர் கோயிலுக்கோதான் போவார்கள். நான் போனது என் காரில் இருந்த ஓர் உதறலுக்காக. ஏற்றத்தில் மிதித்தால் வண்டி குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும். வேறோர் ஊரில் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றியாகிவிட்டது. பணம்தான் போனது, நடுக்கம் போகவில்லை.

மலையடிவாரத்தில், காரவள்ளிக்குச் சற்று முன்னால், புளியமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. அதன் மெக்கானிக் நாமக்கல்லில் லாரி வேலை பழகி, பிறகு காருக்கு மாறியவர். பானெட்டைத் திறக்கவே இல்லை. “நியூட்ரல்ல போட்டு கிளட்ச்சை அமுக்குங்க... விடுங்க” என்றார். அமுக்கும்போது இரைந்தால் ரிலீஸ் பேரிங், விட்டபின் இரைந்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங். இரண்டும் இல்லை. அடுத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியரில் கிளட்ச்சை மெல்ல விடச் சொன்னார். இன்ஜின் சட்டென்று நின்றது. வழுக்குகிற பிளேட்டாக இருந்தால் இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமாம். “நல்லாத்தானுங்க பிடிக்குது. இதையே திரும்பத் திரும்பச் செய்யாதீங்க, பிளேட்டுக்கு ஆகாது.”

பிறகு பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, மலையைக் காட்டினார்.

மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை ஏறக்குறைய முழுசாக ஒடித்து மிதிக்க வேண்டும். ஒருமுறை இடம், மறுமுறை வலம். ஆக்ஸிலின் வெளிமுனை ஜாயின்ட் தேய்ந்திருந்தால் அப்போதுதான் ‘டக் டக்’ என்று காட்டிக்கொடுக்கும். சமவெளி மெக்கானிக் இதற்குக் காலி மைதானம் தேடி வட்டமடிக்க வேண்டும். இவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். எதிரே பலாப்பழம் ஏற்றிய பிக்கப் ஒன்று இறங்கியபோது ஒதுங்கி நின்றோம். மறுபடி கிளப்பும்போது அரைக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நின்றேன். “இப்படி நின்னா புது பிளேட்டும் கருகிரும். ஹேண்ட் பிரேக் எதுக்குங்க இருக்குது?” வெட்கமாகத்தான் இருந்தது; இருபது வருடப் பழக்கம்.

ஐந்தாம் வளைவைத் தாண்டி இரண்டாவது கியரில் மிதித்தேன். நடுக்கம் வந்தது.

“இப்ப உங்க இடது கால் எங்க இருக்குது?”

“கீழே.”

“கிளட்ச்சை விட்டு எவ்வளவு நேரமாச்சு?”

விட்டு வெகு நேரமாகியிருந்தது. கிளட்ச்சின் உதறல் பெடலை விடுகிற அந்தச் சில நொடிகளில்தான் வரும். பிளேட் முழுதாகப் பிடித்தபிறகு இருக்காது. மிதிக்க மிதிக்க நடுங்கி, காலை எடுத்ததும் அடங்குவது ஆக்ஸிலின் உள்முனை ஜாயின்ட். ஒரு கேள்வியில் முடிந்திருக்க வேண்டியதற்கு எனக்கு ஒரு கிளட்ச் செட் செலவாகியிருந்தது.

திரும்பி வந்து ஜாக்கி போட்டார். கியர்பாக்ஸ் பக்கத்து ரப்பர் பூட்டில் விரல்நீள வெடிப்பு. சுற்றிலும் தெறித்துக் காய்ந்த கிரீஸ். உள்ளே மிச்சமிருந்ததைத் தொட்டு விரலிடையே தேய்த்துப் பார்த்து, என் விரலிலும் தடவினார். மணல்போல் நறநறத்தது. “பூட்டு கிழிஞ்சப்பவே பாத்திருந்தா பூட்டோட போயிருக்கும். இப்ப உருளையெல்லாம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கும்.”

ஆக்ஸிலை நெம்புமுன் அடியில் பழைய டப்பா ஒன்றை நகர்த்தி வைத்தார். உருவியதும் கியர் ஆயில் ஒழுகத் தொடங்கியது. “எவ்வளவு வந்துச்சுன்னு அளந்து வைடா,” என்றார் கொட்டகைப் பையனிடம், “அதே அளவு புதுசு ஊத்தணும்.”