அனிமேயும் அடியேனும்

ஆறு மாசமா அனிமே பார்த்துக்கிட்டும் மங்கா படிச்சுக்கிட்டும் இருக்கேன். இழுத்து விட்டது ஆபீஸ்ல பக்கத்து சீட் தம்பி. "அண்ணா, ஒரே ஒரு எபிசோட் பாருங்கண்ணா"ன்னு ஆரம்பிச்சான். இப்ப தூங்க ராத்திரி ரெண்டு மணி ஆகுது. இந்த ஏரியாவுல நான் எல்.கே.ஜி.தான். கரைச்சுக் குடிச்சவங்க பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல ஒரு சின்ன விளக்கம். ஜப்பான்ல மங்காவை யார் படிக்கிறாங்கன்னு பார்த்தும் பிரிக்கிறாங்க. பசங்களுக்கு ஷோனென், பொண்ணுங்களுக்கு ஷோஜோ, வளர்ந்த ஆம்பளைங்களுக்கு செய்னென், வளர்ந்த பெண்களுக்கு ஜோசெய். எந்தப் பத்திரிகையில தொடரா வருதோ, அதை வெச்சுதான் வகை. நம்ம வீட்டுப் பொடிசுங்க விழுந்து விழுந்து சிரிக்கிற ஷின்சானே 1990ல பெரியவங்க பத்திரிகையில தொடங்கின மங்காதான்!

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஷோனென்ல முதல்ல பார்த்தது நருட்டோ. மொத்தம் 720 எபிசோட். அடி வாங்கி, அழுது, பயிற்சி எடுத்து, மறுபடி அடி வாங்கி... நம்ம ஹீரோ ஒரே பாட்டுல பணக்காரர் ஆயிடுவார். இங்க அந்த ஒரு பாட்டே மாசக்கணக்குல ஓடுது. பிடிச்சிருக்கு. ஆனா அப்ரைசல் நேரத்துல "இன்னும் முயற்சி பண்ணு"ன்னு இவங்களும் சொன்னா கொஞ்சம் அலுப்பாத்தான் இருக்கு :-)

ஷோஜோவுக்கு ஃப்ரூட்ஸ் பாஸ்கெட். எதிர்பாலர் கட்டிப்பிடிச்சா ராசி மிருகமா மாறிடுற ஒரு குடும்பம். ரமணிசந்திரன் நாவலும் ராசிபலனும் கலந்த மாதிரின்னு சிரிச்சுக்கிட்டே போனா, உள்ள இருக்கிறது பெத்தவங்க பிள்ளைங்க மனசுல போட்ட காயங்கள். ரெண்டு இடத்துல கண்ணு கலங்கிடுச்சு.

அப்புறம் இசெகாய். வேற உலகத்துக்குப் போயிடுற கதைங்க. ஸ்லைம் தொடர்ல 37 வயசு ஆபீஸ் ஆளு கத்திக்குத்து பட்டு சாகுறார். சாகும்போது சொல்ற கடைசி ஆசை, தன் கம்ப்யூட்டர்ல இருக்கிறதை அழிச்சிடச் சொல்லி. நம்ம இனம்டா!

ஆனா என்னைப் பிடிச்சு உக்கார வெச்சது அன்றாட வாழ்க்கைக் கதைங்கதான். 'சில்வர் ஸ்பூன்' ஒரு விவசாயப் பள்ளிக்கூடத்துக் கதை. பண்ணிக்குட்டிக்குப் பேர் வெச்சு வளர்க்கிற பையன், அது கறியாகப் போற நாள் வரைக்கும் கூட இருக்கான். ஆட்டுக்குட்டி வளர்த்த எந்த வீட்டுக்கும் இது புரியும். எழுதின ஹிரோமு அரகாவா பால் பண்ணையில வளர்ந்தவங்க.

அடுத்தது 'யாகுனாரா மக் கப்பு மோ', 2021ல வந்தது. தலைப்புக்கு 'சுடறதுதான் சுடறே, ஒரு மக்கும் சுடு'ன்னு அர்த்தம் சொல்லலாம். டஜிமின்னு ஒரு பீங்கான் ஊர். செத்துப்போன அம்மா அங்க பேர்பெற்ற கலைஞர். பொண்ணு மண்ணைத் தொட ஆரம்பிக்கிறா. அவ்வளவுதான் கதை. அந்த ஊர்லயே ஒரு கம்பெனி, ஊர் பேரைச் சொல்ல இலவசமா போட்ட மங்காதான் அனிமே ஆச்சு. முதல் சீசன்ல எபிசோடோட ரெண்டாவது பாதியில குரல் கொடுத்த பொண்ணுங்க நிஜ டஜிமியைச் சுத்திக் காட்டுறாங்க.

எங்க ஊரு நல்லூர், விருத்தாசலம் பக்கம். விருத்தாசலம்னா பழமலைநாதர் கோவில், ஜங்ஷன், முந்திரி, அப்புறம் பீங்கான். அப்பா அங்க ஒரு பட்டறையில அச்சுல மண் ஊத்துற வேலை பார்த்தவர். பட்டறை மூடி நாலு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

பொங்கல் லீவுல லேப்டாப்ல இதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பொண்ணு மண்ணைப் பிசையுது. பின்னாடி இருந்து குரல்: "காத்தை எடுக்குது பாரு தம்பி. உள்ள காத்து நிக்கக் கூடாது."

பக்கத்துல வந்து உக்கார்ந்துட்டார். நிஜ ஊரைக் காட்டினதும் "நெசமாவே ஊரு இருக்கா?"ன்னு கேட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். கூழ் மாதிரி கரைச்ச மண்ணை அச்சுல ஊத்துவாங்களாம். பிளாஸ்டர் அச்சு தண்ணியை உறிஞ்ச, ஓரத்துல தோல் மாதிரி மண் படியும். சரியான நேரத்துல மிச்சத்தைக் கவுத்துடணும். லேட்டானா கனமாயிடும், அவசரப்பட்டா கிழிஞ்சிடும். "கடிகாரம் எதுக்கு? ஓரத்தைப் பார்த்தாலே தெரியும்"னார்.

டஜிமிக்காரங்களுக்கு இதெல்லாம் கதை. நமக்கு இது மூடின பட்டறையோட போயிடுற விஷயம். அப்பா சொல்லச் சொல்ல மொபைல்ல பதிஞ்சு வெச்சுக்கிட்டேன். படம் போட எனக்கு வராது, எழுத வரும்.

ஜோசெய் பக்கம் இன்னும் போகலை. நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன். அப்பாவோட உக்கார்ந்து பார்க்கிற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.