விசிறிப் படகு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. கோயில் கோயிலாகப் போகிறவர்கள், பேரக் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்து வருகிறவர்கள், திண்ணையில் உட்கார்ந்து உலகத்தைத் திருத்துகிறவர்கள். நெய்வேலியில் இருக்கும் என் நண்பர் இந்த மூன்றிலும் சேரவில்லை. அவர் பொம்மைப் படகு விடுகிறார்.

"நிலக்கரி ஊரில் படகா? தண்ணீருக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்கலாம். நெய்வேலியில் தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. சொல்லப்போனால் சுரங்கத்துக்கு முதல் எதிரியே தண்ணீர்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டப்போய்க் கறுப்பாக ஏதோ வந்த கதை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரிய நீர்ப்படுகை ஒன்று இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு அது மேலே முட்டிக்கொண்டே இருக்கும். ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் பிழைக்கும். இல்லாவிட்டால் தரையைப் பெயர்த்துக்கொண்டு வெள்ளம் வந்துவிடும். இறைத்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயலுக்குப் பாய்கிறது.

அந்தப் பம்புகளோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர் என் நண்பர். "காலமெல்லாம் தண்ணியை விரட்டிக்கிட்டே இருந்தேன் சார். இப்ப அதைத் தேடிப் போறேன்" என்பார்.

அவர் விடுவது சாதாரணப் படகு அல்ல. விசிறிப் படகு. அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கும். பின்புறத்தில், தண்ணீருக்கு மேலே, ஒரு விசிறி சுழலும். அதற்குப் பின்னால் காற்றிலே நிற்கும் சுக்கான். நீருக்குள் சுழலும் விசிறி என்றால் ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொள்ளும். இது அதன்மேலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும். டெலிபோன் கண்ட கிரஹாம் பெல்லின் குழுவினர் 1905-ல் கனடாவில் இப்படி ஒரு படகு செய்து ஆகாய விமானத்துக்கான விசிறிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கம்பியில்லாமல் படகை ஓட்டுவது அதற்கும் முந்திய வித்தை. 1898-ல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறிய படகைத் தொட்டியில் விட்டு, தூரத்தில் நின்றபடியே திருப்பிக் காட்டினார்.

டெஸ்லாவின் வித்தை இன்று கைக்குள் அடங்கிவிட்டது. முன்பெல்லாம் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ரிமோட்டை முடுக்கினால் ஒருவர் படகு இன்னொருவர் பேச்சைக் கேட்கும். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தபின் அந்தச் சண்டை ஒழிந்தது.

ஓட்டுவதுதான் கஷ்டம். இந்தப் படகுக்குப் பிரேக் கிடையாது, பின்னாலும் போகாது. கரையை நோக்கி வரும்போது நமக்கு இடம் அதற்கு வலம். எல்லாவற்றையும்விட விசித்திரம், திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தால் படகு திரும்பாது. விசிறிக் காற்று சுக்கானில் பட்டால்தானே திரும்பும்? புதிதாக வருகிறவன் பயந்துபோய் விசையை விடுவான். படகு நேரே போய்க் கோரைப் புல்லில் ஏறும். "பயமா இருக்கிற இடத்துலதான் கொஞ்சம் கூடக் கொடுக்கணும்" என்பது நண்பரின் உபதேசம்.

ஊருக்கு வெளியே ஒரு குட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறேழு பேர் கூடுவார்கள். செங்கல்லில் கட்டி மிதக்கவிட்ட இரண்டு தண்ணீர் கேன்கள்தான் எல்லைக்கல். அவற்றை ஐந்து முறை சுற்றி வர வேண்டும். தெர்மகோலும் பசையுமாக வீட்டில் செய்த படகுகள். சங்கம் என்று பெயர். பதிவும் இல்லை, பலகையும் இல்லை.

அதில்தான் ஒரு விவகாரம் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் பல ஆயிரம் ரூபாய்க்கு வெளிநாட்டு மோட்டாரும் பாட்டரியும் வரவழைத்தார். மற்றவர்கள் இரண்டு சுற்று முடிப்பதற்குள் அவர் ஐந்தும் முடித்துவிட்டார். மூன்று வாரம் இப்படியே நடந்தது. நாலாவது வாரம் இரண்டு பேர் வரவில்லை. இன்னொருவர் அதேபோல் மோட்டாருக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதே சமயத்தில் கரையில் ஒரு பையன் வந்து நிற்க ஆரம்பித்தான். சுரங்கத்துக்காக வேறு இடத்தில் குடியமர்த்தப்பட்ட கிராமம் அவனுடையது. அவன் தாத்தா உழுத நிலம் இன்று சுரங்கப் பள்ளத்தில் இருக்கிறது. பையன் படகுகளையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் கோரையில் சிக்கிய படகை இறங்கி எடுத்துக் கொடுத்தான். "வெளிப் பையன்களைத் தொடவிடாதீங்க" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

அன்று மாலை நண்பர் ஒரு காகிதத்தில் இரண்டே விதிகள் எழுதினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி மோட்டார், ஒரே மாதிரி பாட்டரி; படகை மட்டும் அவரவர் கையால் செய்ய வேண்டும். செய்துகொண்டு வருகிறவர் யாராயிருந்தாலும் அங்கத்தினர். விலை உயர்ந்த மோட்டார்க்காரர் கோபித்துக்கொண்டார். இதை எழுதும் வரையில் திரும்பி வரவில்லை. நண்பருக்கு அதில் வருத்தம்தான். "நல்ல மனுஷன் சார், கை சுத்தமான வேலை. ஆனா காசை ஓடவிட்டுப் பார்க்கிறதுக்குக் குட்டை எதுக்கு?" என்றார்.

எனக்கு அந்த விதி நியாயமாகவே படுகிறது. பந்தயம் என்றால் முடிவு முன்கூட்டித் தெரியக்கூடாது. கடையிலேயே முடிவாகிவிட்ட பந்தயத்தைக் குளத்தில் ஓட்டுவது வெறும் ஊர்வலம்.

பையன் மீன் பெட்டித் தெர்மகோலை அறுத்து, கிழிந்த பிளெக்ஸ் பேனரை அடியில் ஒட்டி ஒரு படகு கொண்டுவந்தான். முதல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். திருப்பத்தில் அவன் விசையை விடவில்லை.

மோட்டாரும் பாட்டரியும் நண்பர் கடனாகக் கொடுத்தவை. மாதா மாதம் ஐம்பது ரூபாய் கொண்டுவந்து கொடுக்கிறான். நண்பர் எண்ணிப் பார்த்து வாங்கி, நோட்டில் வரவு வைக்கிறார். "சின்னப் பையனிடம் போய் வாங்குகிறீர்களே?" என்று கேட்டேன்.

"வேண்டாம்னு சொல்லிட்டா அவன் விருந்தாளி ஆயிடுவான் சார்" என்றார். "இப்ப அவன் மெம்பர்."