கோமுகியும் குளியலறையும்

மார்கழி விடியலில் நீராடச் சென்ற என் மனைவி வலியால் அலறினாள். தரையில் நீர் வடியும் துளையை மூடிய இரும்புச் சல்லடை துருவேறி உடைந்து, அதன் விளிம்பு அவள் பாதத்தைக் கிழித்திருந்தது. "மாற்றிவிடுங்களேன்" என்று இரண்டு மாதமாகச் சொல்லி வந்தாள், நான்தான் தட்டிக்கழித்தேன். அன்று திருவெம்பாவை ஓதும் வழிபாட்டுக்கு அவளால் வர இயலவில்லை.

தனியே வலம் வந்தேன். கருவறையின் வடபுறம், சண்டிகேசுவரர் சந்நிதி அருகே, கோமுகியை அடைத்திருந்த வில்வ இலைகளைப் பணியாளர் ஒருவர் கையால் அகற்றிக்கொண்டிருந்தார். அபிஷேக நீர் தடையின்றி இறங்கியது. நாள்தோறும் கடக்கும் இடந்தான். அன்றுதான் நின்று பார்த்தேன்.

திரும்புகையில் எவர்சில்வர் ஜாலி ஒன்று வாங்கினேன். அளவெடுக்காமல் சென்றதால் மீண்டும் கடைக்கு நடக்க நேர்ந்தது. வங்கியில் கணக்குப் பார்த்தவனுக்கு இது தலைகுனிவுதான்! பழைய சட்டத்தை உளியால் பெயர்த்தேன். அடியில் திரண்டிருந்த முடியையும் சோப்புக் கசட்டையும் வாரினேன். ஐந்து அங்குல ஜாலியைத் தரைமட்டத்தினும் ஒரு நூல் தாழ்த்தி, வெள்ளைச் சிமெண்டு குழைத்துப் பதித்தேன். உயர்ந்து நின்றால் நீர் தேங்கும். ஒருநாள் முழுதும் காயவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை, கட்டுப்போட்ட காலுடன் நீராடி வந்தவளிடம், "வலிக்கிறதா?" என்றேன்.

"தண்ணீர் நிற்கவில்லை" என்றாள்.