ஈரச்சாக்கு

ஜனவரி 6
சிமென்ட் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் தரும் டைரியில் இதுவரை மூட்டைக் கணக்கும் ஆள் கூலியும்தான் எழுதியிருக்கிறேன். இந்த வருஷம் பாப்பாவின் உடம்பையும் எழுத வேண்டியிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஏதோ பிறாண்டுகிற சத்தம். எலி என்று நினைத்து எழுந்தேன். தூக்கத்திலேயே முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டிருந்தாள். தலையணை உறையெல்லாம் ரத்தம். பதினைந்து வயது. மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

ஜனவரி 7
'சொறியாதே' என்று இன்று எத்தனை தடவை சொன்னேனோ.

ஜனவரி 12
கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், கருவாடு எல்லாம் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. ஒரு மாற்றமும் இல்லை. அப்பத்தா குப்பைமேனி அரைத்துப் பூசியதில் எரிச்சல் தாங்காமல் அலறினாள். ஆனால் பெரிய தப்பு நான் செய்ததுதான். போன வருஷம் மருந்துக்கடையில் சொல்லி ஒரு ட்யூப் வாங்கிக் கொடுத்தேன். பூசினால் மூன்று நாளில் மறையும், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாக வரும். அதை முகத்திலும் பூசியிருக்கிறாள்.

ஜனவரி 20
துறையூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் திருச்சி, தோல் டாக்டரிடம். ட்யூபைத் திருப்பிப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வீரியம் கூடின ஸ்டீராய்டு, அதோடு பூஞ்சைக்கும் கிருமிக்கும் மருந்து, எல்லாம் ஒரே களிம்பில். "இதை நீங்களா வாங்கக் கூடாது. அதுக்காக ஸ்டீராய்டுன்னாலே விஷம்னு பயந்து ஓடவும் கூடாது" என்றார். இடத்துக்குத் தகுந்த வீரியம், கணக்கான அளவு, கணக்கான நாள். ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அரை கிராம். பெரியவர் கை இரண்டு அகலத்துக்கு அது போதும். கலவைக் கணக்கு போலத்தான், எனக்கு உடனே பிடிபட்டது.

தோலின் மேல்பூச்சைக் கட்டிக்காக்க ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் வேண்டுமாம். கரப்பான் உள்ள பலருக்கு அதன் மரபணுவிலேயே குறை இருப்பதை 2006-இல்தான் கண்டுபிடித்தார்களாம். அது குறைந்தால் உள்ளே இருக்கிற ஈரம் போய்விடும், தூசியும் கிருமியும் உள்ளே நுழையும். பூச்சு விட்ட சுவர் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

"இது மத்தவங்களுக்கு ஒட்டுமா சார்?" பாப்பாதான் கேட்டாள். "ஒட்டவே ஒட்டாதும்மா."

திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "கிளாஸ்ல எம்பக்கத்துல யாரும் உக்கார்றதில்லப்பா." ஆறு மாதமாம். நாங்கள் கேட்கவே இல்லை.

ஜனவரி 21
வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிஷக் குளியல். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசலின்.

பிப்ரவரி 2
அரிப்பு ரொம்ப இருந்தால் செய்யச் சொல்லியிருந்த ஈரக்கட்டை இன்று போட்டோம். மருந்து பூசி, பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து சுற்றி, அதன்மேல் காய்ந்த துணி. தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றி கியூரிங் பண்ணுகிறோமே, அதேதான் என்றேன். "நான் என்ன காங்கிரீட்டாப்பா?" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

மணிக்கட்டில் பூசும்போது வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். "உங்க கை குத்துதுப்பா." முப்பது வருஷம் சிமென்டில் புழங்கின கை. ட்யூபை அவளிடமே கொடுத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 3
விடிய விடியத் தூங்கினாள்.

பிப்ரவரி 17
மறுபடியும். திருப்புதல் தேர்வு, தூக்கமில்லை, கழுத்தில் நீர் கசிகிறது. கிருமி சேர்ந்துவிட்டதாம், ஐந்து நாள் மாத்திரை. சாயங்காலம் சொறிவதைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவளும் கத்தினாள்: "நீங்க சொல்றதாலதான் பாத்ரூம்ல போய் சொறியிறேன்!" சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நானும்.

பிப்ரவரி 25
"அரிக்குதாம்மா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். ஃப்ரிட்ஜில் வைத்திருந்த க்ரீம் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 9
ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வகுப்பு டீச்சரிடம் காட்டினேன். படித்துவிட்டு, அவளை முன் பெஞ்சில், ஃபேனுக்குக் கீழே உட்கார வைக்கிறேன் என்றார். கூட யார் உட்காருவார்கள் என்று அவர் சொல்லவில்லை.

இடது கணுக்காலில் புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. விரல் நுனியை வைத்துப் பார்த்து அவளே அளவாகப் பிதுக்கினாள். நாளைக்குப் பருத்தித் துணி இரண்டு மீட்டர் வாங்க வேண்டும், சிமென்ட் நாற்பது மூட்டை.