நாள்காட்டியில் இல்லாத மூன்று புனிதர்கள்

பிரான்சின் நாட்டுப்புற வீடுகளுக்கு ஆண்டின் இறுதி வாரங்களில் அஞ்சல்காரர் புத்தாண்டு நாள்காட்டிகளைக் கொண்டுவருவார். அதற்கென்று நிர்ணயித்த விலை கிடையாது. வீட்டார் தமக்குப் பிடித்த படமுள்ள ஒன்றைத் தேர்ந்து, விரும்பிய தொகையைக் கொடுப்பர். பின்னர் அது சமையலறைச் சுவரில் ஏறும். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதரின் பெயர், வளர்பிறை, தேய்பிறை எல்லாம் அதில் உண்டு. மே 11, 12, 13 ஆகிய நாட்களுக்கு நேரே இன்று எஸ்டெல், அஷீல், ரோலாந்த் என்னும் பெயர்கள் அச்சிடப்பட்டுள்ளன. ஆனால், தக்காளி நாற்றை எப்போது வெளியே நடலாம் என்று தோட்டம் வைத்திருப்பவரிடம் கேட்டால், அவர் வாயிலிருந்து வரும் பெயர்கள் வேறு: மாமேர், பாங்க்ராஸ், செர்வே. இம்மூவரையும் சேர்த்துப் ‘பனிப் புனிதர்கள்’ என்பர். இவர்களது திருநாட்கள் கடக்கும்வரை இரவு உறைபனியை நம்ப முடியாது என்பது கணக்கு. அச்சிலிருந்து நீங்கிய மூவர் மண்ணில் இன்னும் அதிகாரம் செலுத்துகின்றனர். இது எவ்வாறு நிகழ்ந்தது என்பது மொழியைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

வீட்டை ஒட்டிய காய்கறித் தோட்டத்துக்குப் பிரெஞ்சில் ‘பொத்தாஜே’ என்று பெயர். ‘பொத்தாஜ்’ எனப்படும் சூப்பிலிருந்து பிறந்த சொல் அது. சட்டியில் வேகப்போவதை விளைவிக்கும் இடம் என்று பொருள் கொள்ளலாம். தோட்டமும் அடுப்பும் ஒரே சொல்லில் பிணைந்திருப்பதைப் போலவே, அந்த வீட்டின் ஆண்டும் திருநாட்களோடு பிணைந்திருக்கிறது. பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள். அன்று மாவைக் கரைத்து மெல்லிய ‘கிரேப்’ சுடுவர். ஒரு கையில் நாணயத்தை இறுகப் பிடித்தபடி மறு கையால் அதைத் தூக்கிப் புரட்டினால் ஆண்டு முழுவதும் பணத் தட்டுப்பாடு வராது என்பர். கோடையில் பீன்ஸைக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்து, ரப்பர் வளையமிட்டு மூடி, வெந்நீரில் கொதிக்கவைப்பர். இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு இருண்ட நிலவறைக்குள் இறங்கும். நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள்; கல்லறைகளெங்கும் செவ்வந்தித் தொட்டிகள் நிற்கும். நவம்பர் 25, புனித கத்ரீன் திருநாள். மரக்கன்று நடும் நாள்.

அந்தக் கடைசி நாளுக்கு ஒரு பழமொழி உண்டு. புனித கத்ரீன் நாளில் எந்த மரமும் வேர் பிடிக்கும் என்பது அதன் பொருள். ‘கத்ரீன்’ என்பதும், வேர் என்று பொருள்படும் ‘ராசீன்’ என்பதும் எதுகைபோல் ஒலி இயைகின்றன. அந்த இயைபே பழமொழியை நினைவில் நிறுத்துகிறது. அதற்குள் இருக்கும் அறிவும் பழுதற்றது. இலைகள் உதிர்ந்து மரம் உறக்கத்துக்குள் சென்றிருக்கும்; மண்ணோ இன்னும் உறைந்து இறுகவில்லை. வசந்தத்துக்கு முன்பே வேர்கள் இடம் பிடித்துக்கொள்ள இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

ஒலி இயைபு உண்மையைக் காப்பது போலவே பிழையையும் காக்கும். டிசம்பர் 13 புனித லியூஸ் திருநாள். அன்று பகற்பொழுது ஒரு தெள்ளுப்பூச்சியின் தாவல் அளவு நீளும் என்கிறது இன்னொரு பழமொழி; தெள்ளுப்பூச்சிக்குப் பிரெஞ்சில் ‘பியூஸ்’ என்று பெயர். ஆனால் வடகோளத்தில் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22இல் அன்றோ வருகிறது? விடை 1582இல் இருக்கிறது. அவ்வாண்டு பிரான்ஸ் கிரெகோரியன் நாள்காட்டிக்கு மாறியபோது டிசம்பர் 9க்கு அடுத்த நாள் டிசம்பர் 20 ஆயிற்று. நடுவிலிருந்த பத்து நாட்கள் மறைந்தன. பழைய கணக்கில் அந்தப் பழமொழி சரியானதே. நாள்காட்டி நகர்ந்தது; லியூஸும் பியூஸும் நகரவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிழையாகிப்போன வாக்கியம் இன்றும் உயிரோடிருக்கிறது.

‘செந்நிலவு’ என்ற வழக்கின் கதை இதற்கு நேர்மாறானது. ஈஸ்டருக்குப் பின் வரும் நிலவு இளந்தளிர்களைச் சிவக்கக் கருக்குகிறது என்பது தோட்டக்காரர்களின் நம்பிக்கை. பதினெட்டாம் லூயி மன்னர் இதைப் பற்றி வினவியபோது, வானியலின் பெரும்புலவரான லாப்லாசிடம் விடை இல்லை. பின்னர் அராகோ என்னும் அறிஞர் விளக்கம் அளித்தார். நிலவு தெளிவாகத் தெரிகிறதென்றால் வானில் மேகம் இல்லை. மேகப் போர்வை இல்லாத இரவில் செடி தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துவிடுகிறது. நிலவு குற்றவாளி அன்று, சாட்சி மட்டுமே. ‘செம்மை’ என்ற அடைமொழியும் நிலவின் நிறத்தைக் குறிப்பதன்று, கருகிய தளிரின் நிறத்தைக் குறிப்பது. காரணத்தைத் தவறாகச் சொன்ன அந்த வழக்கு, காவலுக்குரிய இரவைச் சரியாகவே சுட்டியது.

இந்தப் புனிதர்கள் அனைவரையும் ஒரே அடியில் அகற்ற ஒருமுறை முயற்சி நடந்தது. 1793இல் புரட்சி அரசு புதிய நாள்காட்டியைக் கொண்டுவந்தது. மாதங்களுக்குப் பெயரிட்டவர் நாடக ஆசிரியர் ஃபாப்ர் தெக்லாந்தீன். மொழியியல் பயில்வோர் வியக்கத்தக்க அமைப்பு அது. இலையுதிர் கால மாதங்கள் ‘ஏர்’ என்றும், குளிர்கால மாதங்கள் ‘ஓஸ்’ என்றும், வசந்த மாதங்கள் ‘அல்’ என்றும், கோடை மாதங்கள் ‘தோர்’ என்றும் முடிந்தன. விகுதியைக் கேட்டாலே பருவம் விளங்கிவிடும். புனிதர்களின் இடத்தில் பெரும்பாலும் செடிகளும், ஐந்தாம் நாட்களில் விலங்குகளும், பத்தாம் நாட்களில் கருவிகளும் அமர்ந்தன. முளைவிடும் மாதமான ‘ஜெர்மினால்’ எனில், மூன்றாம் நாள் தண்ணீர்விட்டான் தண்டு, ஐந்தாம் நாள் கோழி, பதினைந்தாம் நாள் தேனீ, பதினாறாம் நாள் லெட்டூஸ் கீரை. ஃபாப்ர் தெக்லாந்தீன் 1794 ஏப்ரல் 5 அன்று கில்லட்டினில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அவர் காலத்து நாள்காட்டியின்படி அது ஜெர்மினால் 16, லெட்டூஸ் கீரையின் நாள்.

ஒரு நாட்டுப்புறத் தோட்டத்தை இவ்வளவு முழுமையாக ஏந்திய நாள்காட்டி வேறொன்று அரிது. ஆயினும் 1806 ஜனவரி 1 அன்று அது கைவிடப்பட்டது. ஏழு நாளுக்கொரு ஓய்வைப் பத்து நாளுக்கொன்றாக நீட்டியதும், ஞாயிறு வழிபாட்டையும் சந்தை நாட்களையும் குலைத்ததும் முதன்மையான காரணங்கள். அவற்றோடு இன்னொன்றையும் கருதலாம். பதினாறாம் நாளுக்கு லெட்டூஸ் என்று பெயரிட்ட நாள்காட்டி, அன்று அதை விதைப்பதா, பறிப்பதா, பனிக்கு மூடிவைப்பதா என்று சொல்லவில்லை. மாமேருக்கும் பாங்க்ராசுக்கும் செர்வேக்கும் தோட்டத்தோடு எந்த உறவும் இல்லை. ஆனால் அவர்களது பெயர் ‘பொறு’ என்ற ஏவலாகப் பயன்பட்டது. அச்சிலிருந்து விலகிய பின்னும் அவர்கள் நிலைத்ததற்கு அந்த ஏவலே காரணம்.

அந்த ஏவலின் வலிமைதான் இப்போது சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. பர்கண்டிப் பகுதியின் போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாட்களின் பதிவு 1354 முதல் கிடைக்கிறது. 2019இல் வெளியான ஆய்வின்படி, 1987 வரையான நெடுங்காலத்தில் சராசரி தொடக்கம் செப்டம்பர் 28. 1988 முதல் 2018 வரை அது 13 நாட்கள் முன்னே வந்துவிட்டது. வெப்பம் முந்தினால் தளிரும் முந்தும். ஆனால் உறைபனி அதே அளவு முந்தி விலகுவதில்லை. 2021 மார்ச் இறுதியில் கோடையை ஒத்த வெயில் அடித்தது, மொட்டுகள் விரிந்தன. ஏப்ரல் முதல் வாரத்திலேயே கடும் உறைபனி இறங்கியது. திராட்சைத் தோட்டங்களில் இரவெல்லாம் மெழுகு விளக்குகளை ஏற்றிவைத்துக் காத்தும் பெருஞ்சேதத்தைத் தடுக்க இயலவில்லை. தக்காளி நாற்றுக்குப் பனிப் புனிதர்களின் எச்சரிக்கை இன்றும் போதும். அதைச் சன்னலோரத்தில் நிறுத்திவைத்துக் காத்திருக்கலாம். ஆனால் பாதாமி மரத்தை யாராலும் வீட்டுக்குள் தூக்கிவர இயலாது. மார்ச்சில் பூத்துவிட்ட மரத்திடம் மே மாதத்து வாக்குக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பழமொழித் தொகுப்புகள் இவ்வழக்குகளின் சொற்களைக் காப்பாற்றிவிடும். அவற்றுக்குக் கீழ்ப்படிந்தவர் எந்த உயரத்து நிலத்தில் இருந்தார், எந்தச் செடியை மனத்தில் வைத்துச் சொன்னார், எந்த ஆண்டு முதல் அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார் என்பவை பெரும்பாலும் பதிவாவதில்லை. ஏவலை இழந்த வழக்கு ‘ஜெர்மினால்’ போல அழகிய பெயராக எஞ்சும். கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை, அந்த ஏவலுக்கு இன்னும் செவிசாய்க்கும் தோட்டக்காரர்கள் இருக்கும்போதே கேட்கப்பட வேண்டும்.