வாயில்லா உயிரும் பிடியரிசியும்

சிவபரம்பொருளை முழுமுதலாகக் கொண்டு வழிபடும் நம்மனோர்க்கு, உயிர்கள் யாவும் அம்முதல்வனுக்கு உடைமை என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாம். எண்பத்து நான்கு நூறாயிரம் யோனி பேதங்களுள் மக்களுடம்பும் ஒன்று, பூனையினுடம்பும் ஒன்று. இரண்டினுள்ளும் நின்று இன்ப துன்பங்களை நுகர்வது ஆணவத்தாற் கட்டுண்ட பசுவேயாம். பசு என்னுஞ் சொல்லை நாடோறும் நூல்களில் ஓதுகின்றோம். அப்பசு பூனையுருவில் நம் வீட்டுத் திண்ணையில் நோயுற்றுக் கிடக்குங்கால் யாது செய்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

யான் வாழ்வது கள்ளக்குறிச்சியில். ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை நிற்கின்றது. அம்மலையில் வாழும் மலையாளிக் குடிகள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து வீட்டிற் சேர்த்து வைப்பர். அத்தவசத்தை எலிவாயினின்றும் காப்பது பூனையே. மலையிலும் சரி, சமவெளியிலும் சரி, ஏழையின் வீட்டுப் பூனை வெறும் விளையாட்டுப் பொருளன்று. கூலி கேளாத காவலாள் என்க. ஆயினும் கால்நடை என்றவுடன் நம் நினைவுக்கு வருவன ஆவும் எருமையும் ஆடுமே. பால் தருவதற்கும் ஏர் இழுப்பதற்கும் மருத்துவம் செய்யப் பொருள் புரட்டுவார் பலர். பூனைக்கென்று ஒரு காசு கேட்டால் நகைப்பார் மிகப் பலர்.

எம் தெருவில் தனித்து வாழும் மூதாட்டியொருவர் ஒரு வயதுப் பூனையொன்றை வளர்த்து வந்தார். அதன் வயிறு நாளுக்கு நாள் வீங்கிற்று, உடம்போ மெலிந்தது. “சூல் கொண்டது” என்றார் ஒருவர். “புழு” என்றார் மற்றொருவர். வேறொருவர் இரக்கமிகுதியால், தாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரையிற் பாதியைப் பாலிற் கலந்து கொடுக்கத் துணிந்தார். அருகிருந்த மாணவனொருவன் பாய்ந்து தடுத்தான். மக்களுக்கு மருந்தாகும் அம்மாத்திரை பூனைக்குக் கொடிய நஞ்சாம். அதனை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகவுங் குறைவாதலின், செங்குருதியின் தன்மை கெட்டு உயிர் நீங்கும். கொடுக்க வந்தவர் கொடியரல்லர். அன்பினாலேயே கொடுக்க வந்தார். அறிவு துணை நில்லாத அன்பு கொலையாகவும் முடியும் என்பதை அன்று அத்தெருவார் அனைவரும் கண்டனர்.

மருத்துவரிடஞ் சென்றபோது அவர் கூறியதும் அதுவே: “முதலிற் சோதனை, பின்னரே மருந்து.” வயிற்றில் நீர் கோத்தற்கு நெஞ்சுப்பை நோய், ஈரல் நோய், கட்டி எனக் காரணம் பலவுண்டு. அவற்றுட் கொடியது, பூனைகளுக்குரிய ஒருவகைக் கொரோனா நச்சுயிரி உடம்பினுள்ளே திரிபடைந்து உண்டாக்கும் வயிற்றுறை அழற்சி. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மருத்துவர் ஜீன் ஹோல்ஸ்வொர்த் என்னும் அம்மையார் எடுத்துரைத்த இந்நோய், நெடுங்காலம் தப்பவொண்ணாக் கூற்றாகவே இருந்தது. 2019-இல் நீல்ஸ் பெடர்சன் என்னும் அறிஞர் குழுவினர் ஜி.எஸ்.441524 என்னும் மருந்தினை இந்நோயுற்ற 31 பூனைகட்குக் கொடுத்துப் பார்த்தனர். 26 பூனைகள் பன்னிரண்டு வாரச் சிகிச்சையை முடித்தன. அவற்றுட் பெரும்பாலன நலமுற்று வாழ்ந்தன. எனவே இந்நோய்க்கு இன்று மருந்துண்டு. ஆயின் அதனை 84 நாள், உடல் எடைக்கேற்ற அளவில், ஒரு நாளும் விடாது கொடுத்தல் வேண்டும். நோய் இதுவென்று தெளியாது தொடங்கினால் பொருளும் பாழ், உயிரும் பாழ்.

சோதனைக்குப் பொருள் வேண்டுமே! மூதாட்டியாரிடம் அஃதில்லை. நம் முன்னோர் கைக்கொண்ட பிடியரிசி முறை அப்போது நினைவுக்கு வந்தது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கலயத்திலிட்டு அறத்துக்கு ஒதுக்கும் வழக்கம் அது. தெருவிலுள்ள பிள்ளைகள் உண்டியற் கலயமொன்றை வீடு வீடாகக் கொண்டு சென்றனர். பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகச் சேர்ந்தது. வயிற்று நீரிற் சிறிது எடுத்துச் சோதித்தனர். தூய நீரிற் காடிச்சத்து ஒரு துளி கலந்து, அதன்மேல் அவ்வயிற்று நீரை ஒரு துளி விட்டால், அது கரையாது திரண்டு நிற்பது ஐயத்தை வலியுறுத்தும். கரைந்து மறைவது பெரும்பாலும் அந்நோயன்றெனக் காட்டும். ரிவால்டா சோதனை எனப்படும் இதற்குச் செலவு மிகச் சிறிது. அத்துளி கரையாது திரண்டு நின்றது. குருதிச் சோதனையில் ஆல்புமின், குளோபுலின் என்னும் இரு புரதங்களின் விகிதமும் 0.4-க்குக் கீழே நின்றது. மற்றை அறிகுறிகளும் அந்நோயையே சுட்டின.

84 நாள் மருந்துக்குரிய பொருள் சேரவில்லை. மூதாட்டியார் உண்மையைக் கேட்டறிந்து, “அதன் வலியையாவது குறைத்துத் தாருங்கள், ஐயா” என்றார். அவ்வாறே செய்யப்பட்டது. ஒன்பதாம் நாள் அப்பூனை அவர் மடியில் அடங்கிற்று. கலயத்தில் எஞ்சிய பொருளை எவரும் திரும்பக் கேட்கவில்லை. இரு திங்கள் கழிந்து, மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் ஈறு வெளுத்துச் சோர்ந்த பூனையொன்றைக் கூடையிற் கொணர்ந்தார். அவ்வெஞ்சிய பொருள்கொண்டு குருதியைச் சோதித்ததில், செங்குருதி அணுக்களைப் பற்றி அழிக்கும் நுண்ணுயிரி காணப்பட்டது. அதற்குரிய டாக்சிசைக்ளின் மருந்து விலை குறைந்தது. அப்பூனை பிழைத்து மலையேறிற்று. முன்னைய பூனைக்கென இட்ட பொருள் பின்னையதைக் காத்தது.

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர். “பூனை நோயுறுதல் அதன் பிராரத்த வினைப்பயன், அதனை விலக்க நாம் யார்?” என்பது முதற்றடை. அற்றன்று. வினை சடமாதலின் தானே சென்று உயிரைச் சாராது, கூட்டுவிப்பவன் முதல்வனே. நோயைக் கூட்டும் அவன் மருந்தைக் கூட்டான் என்று வரையறுத்தற்கு நாம் யார்? மருத்துவனும், மருந்தும், கலயத்தில் விழும் காசும் அவ்வுயிர்க்கு அவன் கூட்டுவிப்பனவேயாகலாம். அன்றியும், நுகர்வது அதன் பிராரத்தமாயின், கண்டும் வாளாவிருப்பது நமக்கு ஆகாமியமாம். தமக்குக் காய்ச்சல் வந்தால் இத்தடையை எவரும் நிகழ்த்தார் என்பதும் நோக்குக.

இரண்டாந்தடை இன்னும் வலியது. 2024 சூன் திங்களில் இவ்வூர்க் கருணாபுரத்தில் நச்சுச் சாராயத்தால் அறுபதின்மருக்கு மேல் மாண்டனர். “மக்கள் இவ்வாறு மாயும் ஊரிற் பூனைக்குப் பொருள் திரட்டலாமோ?” என்பர். இது கேட்கத்தக்க கேள்வியே. அறத்துக்கு முறையுண்டு, பசித்த மகவுக்கு முன்னே பூனையை வைத்தல் ஆகாது. ஆயின் முறை என்பது முன்னதை முன்னே செய்க என்பதன்றிப் பின்னதைச் செய்யற்க என்பதன்று. கணவனை இழந்தார் வீட்டுக்கு அரிசி கொண்டு சென்ற பிள்ளைகள் சிலரே, பின்னர் இக்கலயத்தையும் சுமந்தனர். இரக்கம் ஒரு வழியிற் செலவிட்டால் மறுவழியிற் குறைந்துபோகும் பொருளன்று.

எனினும் இவ்வறம் நெறியோடு நடைபெறல் வேண்டும். இல்லாதாரிடம் கேட்டல் ஆகாது. கணக்கு இருவர் கையில் இருந்து, எவரும் காணுமாறு திறந்து கிடத்தல் வேண்டும். எஞ்சியது அடுத்த உயிர்க்கு ஆகுக. எல்லாவற்றினும் சிறந்தது ஒன்று: சோதனையின் விடை சிகிச்சையை மாற்றுமோ என மருத்துவரை முதலிற் கேட்க. மாற்றுமாயிற் செய்க, மாற்றாதாயின் அவ்வுயிரை ஊசியால் வருத்தற்க.

அமெரிக்க நாட்டில் 1968-இல் தோன்றிய வின் பூனைநல அறநிலையத்தில், 2005-ஆம் ஆண்டு பிரியா நிதி என ஒன்று தொடங்கப்பெற்றது. முற்கூறிய வயிற்றுறை அழற்சியால் இறந்த குட்டியொன்றின் பெயரால் அமைந்த அந்நிதி, அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்குப் பொருளுதவுவது. இறந்த பூனை மீளாது என்றறிந்தே, எங்கோ பிறக்கவிருக்கும் பூனைக்காகப் பொருள் ஈவது பயன் கருதாத தொண்டன்றோ?

புள்ளிருக்குவேளூரில் நம் பெருமான் வைத்தியநாதனாக எழுந்தருளியிருக்கின்றான். அவ்வூர்ப் பெயரில் முதற்கண் நிற்பது, ஆண்டு வழிபட்ட புள்ளாகிய சடாயுவே. மருத்துவனாகிய முதல்வன் ஒவ்வோருயிரின் மலபரிபாகம் அறிந்தே அருள்கின்றான். அறியாது அருளுதல் அவன் செயலன்று. நோயை அறிந்து மருந்தளிக்கும் முறைக்கு அதனினும் மேலான சான்று வேண்டுவதில்லை. வாயுள்ள நாம் நம் நோயைச் சொல்கின்றோம். வாயில்லா உயிர்க்கு ஒரு துளி குருதியே வாய். சைவ சபைகள்தோறும் வார வழிபாட்டிடத்தில் ஒரு சிறு கலயம் வைக்கப்படுமாயின், அவ்வாய் பேசுதற்கு வேண்டும் பொருள் குறைவுறாது என்க.