நேராத்தானே நிக்கிறேன்?

எட்டு மாசமாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. எழுத விஷயம் இல்லாமல் இல்லை, உட்கார முடியவில்லை. இப்போதும் நின்றுகொண்டுதான் தட்டுகிறேன். சாப்பாட்டு மேசைமேல் அண்டாவைக் கவிழ்த்து, அதன்மேல் மடிக்கணினி. வீட்டம்மா பார்த்துவிட்டு, "பொங்கலுக்கு அண்டா வேணுமுங்க, அதுக்குள்ள எழுதி முடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள் :-)

ஆடி மாசம் ஒரு திங்கட்கிழமை ஆரம்பித்தது. ஏதாவது பாரம் தூக்கி இடுப்பு போயிருந்தால் வெளியில் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். முதல் நாள்தான் கேஸ் சிலிண்டர் மாற்றினேன். உள்ளே இருக்கும் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் 30 கிலோவுக்குப் பக்கம் வரும். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலையில் பாப்பாவின் ஒற்றைச் சாக்ஸை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் யாரோ கொக்கி மாட்டி இழுத்த மாதிரி இருந்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். சாக்ஸ் சாயந்திரம் வரைக்கும் தரையிலேயே கிடந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். அம்மா, "வாயு புடிச்சிருக்குது கண்ணு" என்று விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். பக்கத்து வீட்டு அண்ணன் வெறும் தரையில் படுக்கச் சொன்னார். ஆபீஸில் ஒருத்தர் பெல்ட் போடச் சொன்னார். மூன்றையும் செய்தேன். பத்து நாளில் வலி இடுப்பை விட்டு இறங்கி, வலது பிட்டம், தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் என்று போய்க் கட்டைவிரலில் வந்து நின்றது. திருப்பூர் ரோடுகளில் பைக்கில் போகும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் கரண்ட் அடித்தது.

ஸ்கேன் எடுத்தேன். நாலாவது இடுப்பெலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொடுகிறதாம். அந்த ரிப்போர்ட்டைப் படித்த ராத்திரி தூக்கமே இல்லை. தேய்மானம், பிதுக்கம் என்றெல்லாம் வரிசையாக எழுதியிருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? மறுநாள் டாக்டர் ரொம்பச் சாதாரணமாகப் பேசினார். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்டிருக்கிறார்களாம். அதில் 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் இருந்திருக்கிறது. "படத்தைப் பார்த்து பயப்படாதீங்க. பாதத்துல பலம் இருக்குது, அது போதும். ஆபரேஷன் வேண்டாம், பிசியோதெரபி போங்க" என்றார்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பொண்ணுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவாக இருக்கும். முதல் நாள் மெஷின் எதையும் தொடவில்லை. "அண்ணா, அந்தக் கண்ணாடி முன்னால நேரா நில்லுங்க" என்றாள். நின்றேன். "நேரா நில்லுங்ணா." நேராத்தானே நிக்கிறேன்? சட்டைப் பட்டன் வரிசையைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தால் தோள் இரண்டும் இடது பக்கம் ஒதுங்கி, இடுப்பு வலது பக்கம் தள்ளி, புயலில் சாய்ந்த லைட் கம்பம் மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன்! வலிக்கும் நரம்பைக் காப்பாற்ற உடம்பு தானாகவே ஒதுங்கிக்கொள்ளுமாம். எனக்குத் தெரியவே இல்லை.

இடது தோளைச் சுவரில் சாய்த்து, வலது கையால் இடுப்பை மெதுவாகச் சுவர் பக்கம் தள்ள வேண்டும். பத்துத் தடவை. அதற்கப்புறம் கண்ணாடியில் பட்டன் வரிசை நேராக இருக்கிறது, ஆனால் எனக்குள் கோணலாக இருக்கிறது. வலது பக்கம் விழப்போகிற மாதிரி பயம். "இப்பத்தாங்ணா நேரா இருக்கீங்க. கோணலா நின்னு பழகிட்டீங்க, அதான் நேரா நிக்கிறது கோணலாத் தெரியுது" என்றாள். இடுப்பைத் தாண்டி எதையோ சொல்லிவிட்டாளோ என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

அடுத்தது குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்குவது. கொஞ்ச நாள் போனதும் உள்ளங்கையை ஊன்றித் தூக்குவது. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். 1956-ல் கால்வலியோடு வந்த ஒருவரைக் குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார். கட்டிலின் தலைமாடு தூக்கி வைத்திருந்ததைக் கவனிக்காமல் அந்த ஆள் அப்படியே முதுகு பின்னால் வளைந்தபடி படுத்துவிட்டார். பதறிப்போய் வந்து பார்த்தால், "பல வாரத்துக்கப்புறம் இப்பத்தான் நல்லா இருக்கு" என்றாராம். காலில் இருந்த வலி போய்விட்டது. அந்தத் தற்செயலிலிருந்துதான் மெக்கென்சி முறையே பிறந்தது.

நான் சொதப்பியதும் இங்கேதான். நாலு நாள் செய்ததும் இடுப்பில் வலி கூடிவிட்டது. கெடுத்துவிட்டாள் என்று முடிவுகட்டி இரண்டு நாள் போகவில்லை. அவளே போன் பண்ணினாள். "கால்ல எப்படி இருக்குதுங்ணா?" யோசித்துப் பார்த்தால் கட்டைவிரலில் வலி இல்லை, கெண்டைக்காலிலும் இல்லை. வலி கீழிருந்து மேலே ஏறி நடு இடுப்புக்கு வந்தால் பெரும்பாலும் அது நல்ல சகுனமாம். அங்கே கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லையாம். சொல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு விட்டிருப்பேன்.

பெல்ட்டைக் கழற்றச் சொன்னபோது சண்டையே போட்டேன். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நாள்பட்ட இடுப்பு வலி வழிகாட்டுதலிலேயே பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றுதான் இருக்கிறதாம். வாயை மூடிக்கொண்டேன். சரி, பெல்ட் இல்லாவிட்டால் என்ன என்று ஆபீஸில் ராணுவ வீரன் மாதிரி விறைப்பாக உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் முதுகு கல்லாகிவிட்டது. அதற்கும் திட்டு. எவ்வளவு நல்ல நிலையில் உட்கார்ந்தாலும் அசையாமல் இருந்தால் வலிக்கத்தான் செய்யுமாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று, பின்னால் வளைந்து, தண்ணீர் குடிக்கப் போய்வர வேண்டும். இன்வாய்ஸ் அடிக்கும் நேரத்தில் நான் எழுந்து எழுந்து வளைவதை மேனேஜர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். இப்போது அவரும் எழுந்து வளைகிறார் :-)

இதெல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

பாப்பாவுக்கு மூன்றரை வயது. நான் வீட்டுக்கு வந்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். ஆடிக்கப்புறம் நான் கை காட்டி நிறுத்த ஆரம்பித்தேன். "அப்பாவுக்கு இடுப்பு வலி சாமி." முதல் வாரம் அழுதாள். அப்புறம் முறைத்தாள். ஐப்பசியில் ஓடி வருவதையே விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்த ஒருவரிடம், "எங்கப்பா இடுப்பு ஒடஞ்சுபோச்சு, தூக்க மாட்டாரு" என்று தகவல் சொல்கிறாள். வலியைவிட அதுதான் வலித்தது. அதைவிட மோசம், கால்வலி போய் ஒரு மாசமான பிறகும் எனக்கு அவளைத் தூக்கத் தைரியம் வரவில்லை. சாக்ஸையே காலால் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பிசியோ பொண்ணிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை. "பாப்பா எத்தனை கிலோங்ணா?" பதினாலரை. ஒரு கம்பைக் கொண்டுவந்து என் முதுகில் நெடுக வைத்தாள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு, மூன்று இடமும் கம்பை விட்டு விலகாமல், பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். அது பழகியதும் வீட்டில் அரிசிப் பை. ஐந்து கிலோவில் ஆரம்பித்து இரண்டு வாரம், பத்து கிலோவில் இரண்டு வாரம். அப்புறம் பத்தும் ஐந்தும் ஒரே கட்டைப்பையில். தினமும் காலையில் நான் அரிசியைத் தூக்கித் தூக்கி வைப்பதை அம்மா, "எம்பையனுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். காலை அகட்டி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி, அவளை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, எழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தோளில் சாய்ந்து என் காதைப் பிடித்துக்கொண்டாள். வாசல் வரை நடந்தேன். கண் கலங்கியது நிஜம், வீட்டம்மா பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் இருக்கும். "அப்பா, எறக்கி விடுங்க, நா வெளையாடோணும்" என்றாள். அவ்வளவுதான் நம்ம மரியாதை!

முழுசாகச் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. பைக்கில் ஈரோடு போய்வந்தால் இரண்டு நாள் பிடித்துக்கொள்ளும். சுவரில் தோளைச் சாய்த்துத் தள்ளுவேன், சரியாகும். இதைப் படித்துவிட்டு யாரும் நேராகக் குப்புறப் படுத்துவிடாதீர்கள். எல்லா இடுப்புக்கும் இது ஒத்துவராது, யாரிடமாவது காட்டிவிட்டுச் செய்யுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை மீறினாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, பாதம் தொய்ந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

அரை மணி தாண்டிவிட்டது. வளையப் போகிறேன். போகிற வழியில் ஒரு சாக்ஸ் கிடக்கிறது, எடுக்க வேண்டும்.